என்னைக் கேட்காமல் போன வண்டி

என் மொஞ்சோ,

நீயும் கெண்ட்ராவும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் காகிதத்தைத் தொடங்க வேண்டும், என் தாய் எனக்கு அப்படித்தான் பழக்கினாள், ஆகவே கேட்டாயிற்று. நான் சுகமா என்று நீ கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு எரிகிறது என்று எழுதிக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "பதறாதேம்மா" என்கிறாய், அடுத்த வார்த்தைக்குள் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய், அது மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் நான் கோபத்தை மறந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். காகிதத்தில் அந்த வித்தை நடக்காது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், இருந்தாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

போன புதன்கிழமை மத்தியானம் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன், கட்டட ஆபீஸிலிருந்து ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள், கையில் அளக்கிற நாடா. நேரே சமையலறைக்குப் போய் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அளக்கிறாள். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன். "புது அடுப்பு போடணும், அதுக்குத்தான் அளவு. ஜூன் முப்பதுக்குக் காலி பண்றீங்கன்னு உங்க மகன் போன் பண்ணிச் சொன்னாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தான் வீட்டை விட்டுப் போகிற தேதி தனக்கே தெரியாதவள் என்று முன்பின் பார்க்காத ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது. "தெரியும், நாள்தான் மறந்துபோச்சு" என்று பொய் சொன்னேன். அவள் போன பிறகு பார்த்தால் வாழைக்காய் கரியாகிக் கிடந்தது. நாற்பத்தோரு வருஷமாக அந்த அடுப்பில் நான் எதையும் கருக்கினதில்லை, அதுவும் உன்னால் நடந்தது. உன்னைக் கூப்பிட்டேன், நீ என்ன சொன்னாய்? "நீ இங்க வர்றதுக்கு லாரிக்குச் சொல்லிட்டேம்மா, நீ எதுவும் தூக்க வேண்டாம், நீயும் மாதாவும் முன் சீட்ல உக்காந்தா போதும்." மாதா சிலையையும் என்னையும் ஒரே மாதிரி நினைத்துவிட்டாய், ரெண்டு பேரும் வாய் பேசமாட்டோம் என்று. பழைய பீரோவை எடுத்துப்போகிறவன்கூட வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான். நான் வரமாட்டேன் என்று இந்தக் காகிதத்தில் எழுதவில்லை, வருகிறேன் என்றும் எழுதவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்று எழுதுகிறேன்.

நீ ஓமஹாவுக்குப் போகிறேன் என்றபோது நான் தடுத்தேனா? நினைத்துப் பார். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இந்த ஊர் உன்னைச் சக்கையாகப் பிழிந்தது எனக்குத் தெரியும், சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும், நாற்பதாவது மாடியில் ஒருத்தன் மாட்டிக்கொண்டு உன் தாயையும் தகப்பனையும் திட்டிக்கொண்டிருப்பான், நீ பாதித் தட்டோடு எழுந்து ஓடுவாய். அங்கே போன முதல் வாரம் கூப்பிட்டுச் சொன்னாயே, ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஒரு கிழவனார் மாட்டிக்கொண்டார், நீ மேலேயிருந்து குரல் கொடுத்தால் அவர், "அவசரமில்ல தம்பி, நீ நிதானமா பாரு, எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல" என்றார் என்று. அதை ரெண்டு தரம் சொன்னாய். அன்றைக்கு உன் அப்பாவிடம், "இருக்கட்டும் எலியேசர், பிள்ளை அங்கே தூங்குவான்" என்று சொன்னவள் நான்தான். உன் அப்பாதான் ரெண்டு நாள் பேசாமல் இருந்தார். இதை நீ மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அக்டோபரில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தோம் அல்லவா, ஆறு நாள். வண்டியிலேயே வருகிறேன் என்று உன் அப்பா துடித்தார், வேண்டாம் என்று நீ விமான டிக்கெட் அனுப்பினாய், மறுபேச்சு பேசாமல் வந்தார். உன் ஊரை நான் குறை சொல்லவில்லை. கெண்ட்ராவின் அம்மா நல்லவள், நாங்கள் இறங்கின அன்றே ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்து நின்றாள், பேர் கேட்பதற்கு முன்னால் பசிக்கிறதா என்று கேட்டாள். ஆனால் தெருவில் ஆளே இல்லையே அப்பா. பால் வாங்க நடந்து போனேன், நடந்தது கால் மணி நேரம், அதற்குள் ரெண்டு கார் பக்கத்தில் வந்து நின்று, "ஏதாவது பிரச்சினையாம்மா, எங்கயாவது கொண்டுபோய் விடணுமா?" என்று கேட்டார்கள். நடந்து போகிறவளுக்கு ஏதோ துன்பம் என்று நினைக்கிற ஊர் அது. ராத்திரி அமைதியில் என் காதே எனக்கு இரைந்தது. நான் இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை, உன் அப்பாவிடம் சொன்னேன், ஆறு நாளும் சொன்னேன். அவரோ உன் வீட்டு முன்னால் இருக்கிற சிமெண்டுத் தளத்தில் நின்ற உன் காரை ரெண்டு சுற்று சுற்றி வந்து, "அப்ப இது நாளெல்லாம் இங்கேயே நிக்குமா?" என்றார். "வருஷமெல்லாம் நிக்கும்ப்பா, யாரும் கேக்கமாட்டாங்க" என்றாய். அவர் சிரிக்கவில்லை, கோயிலுக்குள் வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த நாலு முனைச் சந்திப்பும் உனக்கு ஞாபகம் இருக்கும், நாலு பக்கமும் நாலு கார் வந்து நின்று, நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் கை காட்டிக்கொண்டு ஒருத்தரும் நகரவில்லை. "நம்ம தெருவுல இது நடந்தா நாலு பேரையும் பைத்தியம்னு பிடிச்சுட்டுப் போயிடுவாங்க மினா" என்று உன் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பழக்கத்தை நீயும் கற்றுக்கொண்டாய், முன்பின் தெரியாதவனுக்கு நீ முதலில் போ என்று கை காட்டுகிறாய். பெற்றவளுக்கு ஒருதரம் காட்டியிருக்கக் கூடாதா?

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன், நீ பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது, விடு. உன் வீட்டு வாசலில் இடம் கிடக்கிறது, ஆகவே இந்தத் தெருவின் சங்கதி உனக்கு மறந்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வண்டியை எடுத்து எதிர்ப்பக்கம் ரெண்டாம் வரிசையில் நிறுத்தி, தெரு பெருக்கும் வண்டி வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, அது போனதும் பழைய இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷம் உன் அப்பா அதைச் செய்தார். அந்தப் பழுப்பு ப்யூக் கார் எங்கேயும் போனதில்லை, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வந்ததைக் கூட்டினால் ஓமஹாவுக்கே வந்திருக்கும். மார்ச் மாசம் அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் காப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெருக்கும் வண்டி வந்து போனது, எல்லோரும் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள், ப்யூக் மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான், அவனுக்குப் பின்னால் ஒருத்தன், அப்புறம் தெரு முழுக்க. செத்துப்போன மனுஷனைப் பார்த்துத் தெருவே ஹாரன் அடித்தது மொஞ்சோ. உன் ஞானத்தகப்பன் செயோதான், "என்னய்யா எலியேசர், தூங்கிட்டியா" என்று கேலி பேசிக்கொண்டே போய்க் கண்ணாடியைத் தட்டினார். உன் அப்பாவைக் கொண்டுபோன பிறகு மூணாம் மாடி மிசஸ் பெட்வே, பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள், உனக்குத்தான் தெரியுமே அவள் குரல், தன் வீட்டிலிருந்து ஒரு சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து நம் வண்டி நிற்கிற அந்த இடத்தில் போட்டாள். நம் தெருவில் காலி இடம் ரெண்டு நிமிஷம் தங்காது. அன்றைக்குச் சாயங்காலம் வரை தங்கியது. இடம் தேடி வந்தவர்கள் எல்லாம் நாற்காலியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். இருட்டுவதற்கு முன்னால் செயோ ப்யூக்கை ஓட்டிவந்து அங்கே நிறுத்தினார். இந்த அவசரம் பிடித்த ஊர் உன் அப்பாவுக்காக ஒரு பகல் முழுக்க நின்றது. நீ நின்றாயா?

நீ வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அடக்கத்தில் பெட்டியின் முன்பக்கத்தை நீதான் சுமந்தாய். ஆனால் ஒன்பது நாள் ஜெபமாலையில் நாலாம் நாளே கிளம்பிவிட்டாய். வேலை என்றாய். நிதானமான ஊர், அவசரமில்லாத ஜனங்கள் என்று ரெண்டு வருஷமாக எனக்குப் பாட்டு பாடினவன், தகப்பனுக்காக இன்னும் ஐந்து நாள் கேட்டால் அந்த நிதானமான ஜனங்கள் தரமாட்டார்களா? நீ கேட்டாயா என்பதே எனக்குச் சந்தேகம். ஒன்பதாம் நாள் பச்சைத் துவரை போட்ட சோறு வடித்து எல்லோருக்கும் போட்டேன், உன் சித்தி ஒவ்வொருத்தரிடமும் "மொஞ்சோ போயாகணுமாம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள், அவள் சொன்ன அந்தப் பாவம் உனக்கா எனக்கா என்று தெரியவில்லை. வீட்டில் ஆட்கள் இருந்தவரை எனக்கு அழுகை வரவில்லை. ஒன்பதாம் நாளுக்கு மறுநாள் காலையில் குப்பை போட இறங்கினவள் என்னமோ தோன்றி வண்டிக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஆரஞ்சுத் தோல் வாசனை, அவர் தொப்பி, பாதிக் காப்பியோடு ஃபிளாஸ்க். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். மிசஸ் பெட்வே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, வெளியே கதவுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எட்டிப் பார்த்தவர்களை எல்லாம், "என்ன பாக்கறீங்க, சர்க்கஸா நடக்குது, நடையைக் கட்டுங்க" என்று விரட்டினாள். அதற்கப்புறம் மூணு வாரம் தினமும் போனேன். செவ்வாய் வெள்ளியில் செயோ ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வருவேன். சீட்டுக்கு முன்னால் இருக்கிற சின்ன இழுப்பறையை மட்டும் திறக்கவில்லை, அது அவர் சட்டைப்பை மாதிரி, நான் ஒருநாளும் அவர் பையில் கை விட்டவள் இல்லை. இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லைதான். இதைப் போனில் எப்படிச் சொல்வது, சொல்லியிருந்தாலும் டாக்டரைப் பாரு என்றிருப்பாய்.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, கண் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கித் தந்ததும் நீதானே? பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று நான் செயோவிடம் பெருமை பேசினேன். கண்ணில் மருந்து விட்டுப் பார்வை மங்கலாகத் திரும்பி வந்தவள் நேரே மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். செவ்வாய்க் காலை நானும் செயோவும் இறங்கினோம், நம் இடத்தில் ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. இந்த ஊரில் வண்டி நின்ற இடம் காலியானால் போலீஸ்காரன் இழுத்துப்போய்விட்டான் என்பதைத் தவிர யாரும் வேறொன்றும் நினைக்கமாட்டார்கள். செயோ தலையில் அடித்துக்கொண்டு, "தூக்கிட்டானுங்க மினா, வெள்ளிக்கிழமை நான்தான் சரியா நிறுத்தலையோ என்னமோ" என்று அழாத குறை. ரெண்டு பஸ் மாறி ஆற்றோரத்தில் இருக்கிற வண்டிக் கிடங்குக்குப் போனோம். வரிசையில் ரெண்டு மணி நேரம். என் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணை நான் திட்டின திட்டு எனக்கே கூச்சமாக இருக்கிறது, செத்தவன் வண்டியைத் திருடித் தின்கிறீர்களே விளங்குவீர்களா என்றெல்லாம் சொன்னேன். அவள் நம்பரைத் தட்டிப் பார்த்து, "அப்படி ஒரு வண்டி எங்ககிட்ட இல்லம்மா, வண்டி யார் பேர்ல இருக்கு?" என்றாள். உனக்கு லைசென்ஸ் கிடைத்த வருஷம் உன் அப்பா ஆசையாக உன் பேருக்கு மாற்றினாரே, "என் மகன் பேர்ல" என்றேன். "மகன்கிட்ட கேட்டீங்களா?" "மகன் ஓமஹாவுல இருக்கான்." "ஏன், ஓமஹாவுல போன் இல்லையா?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் செயோவின் போனிலிருந்து அங்கேயே நின்று உன்னைக் கூப்பிட்டேன், நீ சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். "அதை தர்மத்துக்குக் கொடுத்துட்டேம்மா. அப்பா செத்த வண்டியை நீ தினமும் பாக்கணுமான்னுதான். கட்டடம் பாத்துக்கற ஆல்பின்கிட்ட சாவி கொடுத்திருந்தேன், நீ வீட்ல இல்லாதப்ப எடுத்துட்டுப் போகச் சொன்னேன்." நான் வீட்டில் இல்லாதபோது! கண்ணைக் காட்டப் போன நேரத்தில் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டாய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கைக்குட்டையை அந்த ஓட்டை வழியாக நீட்டினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ இன்னும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் என் நன்மைக்கு என்கிறாய். உன் ஊரில் கற்ற நிதானத்தைத் தெருவுக்கும் லிஃப்டுக்கும் வைத்திருக்கிறாய், என் விஷயத்தில் மட்டும் ரயில் கதவு மாதிரி மூடுகிறாய், கை உள்ளே இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த ஆல்பின் என்னைக் கண்டால் சுவரோரமாக நழுவுகிறான். தர்மத்துக்காரர்கள் வண்டியை ஏற்றும்போது உள்ளே இருந்த சாமானை இவன் ஒரு கடைப்பையில் போட்டு பாய்லர் அறையில் வைத்திருந்தானாம், வெட்கத்தில் என்னிடம் தரவில்லை, போன வியாழக்கிழமைதான் செயோவிடம் கொடுத்தனுப்பினான். செயோ வந்தபோது நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், அளவு நாடாவோடு வந்தவள் கதையைச் சொல்லி, எலியேசர் இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார், என்னை அந்த ஆளில்லாத ஊருக்கு மூட்டை கட்டி அனுப்ப விட்டிருக்கமாட்டார் என்று. செயோ தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "மினா, உக்காரு" என்றார். கேள் மொஞ்சோ. உன் அப்பா ஓமஹாவுக்குப் போய்விட ஆசைப்பட்டாராம். அக்டோபரில் திரும்பி வந்த அடுத்த செவ்வாயே செயோவிடமும் மிசஸ் பெட்வேயிடமும் சொல்லிவிட்டாராம், அங்கே வண்டியை நிறுத்தினால் நிறுத்தின இடத்திலேயே இருக்கும், பேத்தி நடக்கப் பழகுகிறாள், எனக்கு அலுத்துவிட்டது என்று. உன்னிடம் சொல்லக்கூடாது, முதலில் மினாவைக் கேட்டுவிட்டுத்தான் பையனுக்குச் சொல்ல வேண்டும் என்றாராம். ஒவ்வொரு செவ்வாயும் "இன்னிக்குக் கேட்டுடறேன்" என்பாராம், வெள்ளிக்கிழமை எல்லா வண்டிக்காரர்களும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "என்னய்யா, கேட்டாச்சா?" என்று சிரிப்பார்களாம். இவர், "எங்க கேக்கறது, மீன் பொரிச்சிட்டிருந்தா. கையில கொதிக்கிற எண்ணெயை வச்சிருக்கறவகிட்ட இதைக் கேக்க முடியுமா?" என்பாராம். மிசஸ் பெட்வே, "பயந்தாங்கொள்ளி, நான் வந்து கேக்கட்டுமா?" என்றாளாம். ஐந்து மாசம். பெருக்கும் வண்டிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. கடைசி வெள்ளிக்கிழமையும் "இன்னிக்கு நிச்சயம் கேட்டுடறேன்" என்றுதான் சொன்னாராம், அதை வாராவாரம் சொல்வார் என்று செயோ அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

பையில் ஃபிளாஸ்க், தொப்பி, மாதா பதக்கம், ஒரு சாலை வரைபடம். வரைபடத்தில் நம் தெருவிலிருந்து உன் தெரு வரைக்கும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். கோட்டின் மேல் பதினேழு சின்ன வட்டம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மினா, மினா என்று எழுதியிருக்கிறது. இது என்ன என்று கேட்டேன். செயோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது நீ ஒண்ணுக்குப் போற இடம். மணிக்கொரு தரம் நிறுத்தணும், இல்லேன்னா என் உயிரை வாங்கிடுவான்னு சொன்னான்" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று செயோவைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் கோபம் வந்தது, உன் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம், ஆனால் அவரை எங்கே போய்த் திட்டுவது, வண்டியும் இல்லை. ஆகவே அதில் பாதியை உனக்கு அனுப்புகிறேன், நீ அவர் பிள்ளைதானே, அவர் கேட்கப் பயந்தார், நீ கேட்கவே இல்லை. தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னை என்னவென்று நினைத்தீர்கள்?

ஆகவே நான் சொல்வதைச் செய். ஜூன் முப்பதுக்கு லாரி வேண்டாம், லாரிக்காரனுக்கு இன்றைக்கே சொல்லிவிடு. கட்டட ஆபீஸுக்கு நானே போய், இந்த வீட்டில் குடியிருப்பவள் எர்மீனியா, அவள் வாயிலிருந்து வராத தேதி தேதி இல்லை என்று சொல்லிவிட்டேன், மிசஸ் பெட்வே என் பக்கத்தில் நின்றாள், முட்டிவலியோடு வந்தாள் பாவம். நீ வெறுங்கையோடு வா. செவ்வாய்க்கிழமை காலையில் என்னோடு இறங்கி வந்து செயோ வண்டியில் ஒன்றரை மணி நேரம் உட்கார். பிறகு மேலே வந்து, அடுப்பில் என்ன இருந்தாலும் சரி, என் கையில் எண்ணெய் இருந்தாலும் சரி, முகத்தைப் பார்த்து, வருகிறாயா அம்மா என்று கேள். நான் மாட்டேன் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளவும் தயாராக வா. என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை என்னிடமிருந்து ரெண்டு பேரும் பிடுங்கினீர்கள், அதில் ஒருத்தனாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

குழந்தைக்கு இருமல் என்று கெண்ட்ரா சொன்னாள், தேனை வெந்நீரில் கலந்து கொடு, மார்பில் தைலம் தடவு, அங்கே காற்று வறண்டது. காரைப் பூட்டாமல் விடுகிறாயாம், எந்த ஊராக இருந்தாலும் பூட்டு. இன்னொன்று, ரெண்டு வருஷமாக நீ போன் எடுத்ததும் ஹலோ என்கிறாய், ஆசீர்வாதம் அம்மா என்று கேட்பதை விட்டுவிட்டாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் நீ இந்த வீட்டுப் படியை ஒருநாளும் இறங்கினதில்லை. நீ கேட்காவிட்டாலும் தருகிறேன், கோபத்தில் இருக்கிற தாயின் ஆசீர்வாதம் கெட்டியாக ஒட்டும் என்பார்கள். கடவுள் உன்னையும் உன் மனைவியையும் அந்தச் சின்னத் தலையையும் காக்கட்டும், மாதா உன் பக்கத்தில் நடக்கட்டும், உன் கைக்கு அடியில் எந்தக் கயிறும் அறுந்துபோகாமல் இருக்கட்டும். லாரிக்காரனுக்குச் சொல்ல மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
எர்மீனியா

காகிதத்தை ஒட்டப் போனேன், அதற்குள் இன்னொன்று. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக் கோட்டின் மேல் விரலை வைத்துப் போய்ப் பார்த்தேன். ஆறாவது வட்டம் வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன், ஒன்பதாவதில் பேச்சை நிறுத்தினேன், பதினாலாவதில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். பதினேழாவது உன் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அங்கே விரல் நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் மேலே வந்து கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன் மொஞ்சோ?